வாசகர் கேள்விகள்: புக்மார்க்குகளைப் பத்திரமாக இடம் மாற்றுவது எப்படி?

இந்த முறை வந்த கடிதங்களில் பல, உலாவிகளில் சேர்த்து வைத்த புக்மார்க்குகளை வேறு உலாவிக்கோ வேறு கணினிக்கோ கொண்டு செல்வதைப் பற்றியே இருந்தன. ஆகவே பகுதி முழுவதையும் அந்தப் பொருளுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: பல ஆண்டுகளாகக் குரோமில் சேர்த்த புக்மார்க்குகளைப் பொருள்வாரியாகக் கோப்புறைகள், அவற்றுக்குள் உட்கோப்புறைகள் என்று ஒழுங்குபடுத்தி வைத்திருக்கிறேன். இப்போது புதிய கணினி வாங்கி, அதில் ஃபயர்பாக்ஸைப் பயன்படுத்தலாம் என்று முடிவு செய்திருக்கிறேன். அமைப்பு குலையாமல் அனைத்தையும் மாற்ற முடியுமா? பழைய கணினியில் இப்போது இணைய இணைப்பு இல்லை.

பதில்: முடியும், அதற்கு இணைய இணைப்பும் தேவையில்லை. பழைய கணினியில் குரோமைத் திறந்து, கன்ட்ரோல், ஷிப்ட், ஓ ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் புக்மார்க் மேனேஜர் திறக்கும். அதன் மேல் வலது மூலையில் உள்ள மூன்று புள்ளிகளைச் சொடுக்கி, ‘எக்ஸ்போர்ட் புக்மார்க்ஸ்’ என்பதைத் தேர்ந்தெடுத்தால், உங்களுடைய எல்லாப் புக்மார்க்குகளும் ஒரே ஹெச்டிஎம்எல் கோப்பாகச் சேமிக்கப்படும். அந்தக் கோப்பைப் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு புதிய கணினிக்குச் செல்லுங்கள். அங்கே ஃபயர்பாக்ஸில் அதே மூன்று விசைகளை அழுத்தினால் லைப்ரரி சாளரம் வரும். அதில் ‘இம்போர்ட் அண்ட் பேக்கப்’ பட்டியலின் கீழ் ஹெச்டிஎம்எல் கோப்பிலிருந்து புக்மார்க்குகளை இறக்குமதி செய்யும் வசதி உள்ளது.

இறக்குமதி முடிந்ததும், குரோமில் மேல்பட்டையில் இருந்தவற்றை ஃபயர்பாக்ஸின் மேல்பட்டையில் தேடிப் பார்த்துவிட்டு, எதுவுமே வரவில்லை என்று பலர் மீண்டும் இறக்குமதி செய்துவிடுகிறார்கள். ஹெச்டிஎம்எல் கோப்பிலிருந்து வருபவை ஃபயர்பாக்ஸின் ‘புக்மார்க்ஸ் மெனு’ என்னும் பகுதிக்குள்தான் சேரும். அங்கே சென்று பார்த்தால் உங்கள் கோப்புறைகளும் உட்கோப்புறைகளும் நீங்கள் வைத்த வரிசையிலேயே இருக்கும். மேல்பட்டையில் வேண்டியவற்றை லைப்ரரி சாளரத்திலிருந்தே இழுத்துப் பட்டைக்கான பகுதியில் விட்டுவிடலாம்.

இந்த ஹெச்டிஎம்எல் கோப்பைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். இதன் வடிவம் 1994-இல் வெளிவந்த நெட்ஸ்கேப் உலாவியின் காலத்தைச் சேர்ந்தது. இன்றும் ஏற்றுமதியாகும் கோப்பின் முதல் வரியில் நெட்ஸ்கேப்பின் பெயர் இருப்பதைக் காணலாம். நெட்ஸ்கேப்புக்கான ஆதரவு 2008-இல் நின்றுவிட்டது. ஆனால் குரோம், ஃபயர்பாக்ஸ், எட்ஜ், சஃபாரி, ஓபரா, பிரேவ், விவால்டி என்று ஒன்றோடொன்று போட்டியிடும் உலாவிகள் எல்லாம் அதன் புக்மார்க் வடிவத்தை இன்றும் எழுதவும் படிக்கவும் செய்கின்றன. யாருடைய அனுமதியும் இல்லாமல், எந்தக் கணக்கிலும் நுழையாமல், எந்த உலாவியிலும் ஒரு சாதாரணப் பக்கமாகத் திறந்து படிக்கக்கூடிய கோப்பு இது. நோட்பேடில் திறந்தாலும் முகவரிகளை வெறும் கண்ணால் வாசிக்க முடியும். உங்கள் உழைப்பை ஒரு நிறுவனத்தின் கையிலிருந்து உங்கள் கைக்குக் கொண்டுவரும் வழி என்பதால், இந்த எளிய கோப்பை நான் மிகவும் மதிக்கிறேன்.

இந்த வழியில் வராதவையும் சில உண்டு. உங்களுக்கு எதிர்த்திசையில், அதாவது ஃபயர்பாக்ஸிலிருந்து குரோமுக்குச் செல்பவர்கள், புக்மார்க்குகளுக்கு இட்ட குறிச்சொற்களை இழப்பார்கள். குரோமில் அப்படியொரு வசதி இல்லாததே காரணம். சேமித்த கடவுச்சொற்களும் இந்தக் கோப்பில் இருக்காது. புதிய கணினியில் ஒரு புக்மார்க்கைத் திறக்கும்போது அந்தத் தளம் மீண்டும் உள்நுழையச் சொன்னால், அது பழுதன்று. நீங்கள் உள்நுழைந்திருந்தீர்கள் என்ற தகவல் பழைய உலாவியின் குக்கீகளில், அதாவது தளங்கள் உலாவியில் விட்டுவைக்கும் சிறு குறிப்புகளில், தங்கிவிட்டது, அவ்வளவுதான்.

கேள்வி: அலுவலகத்தில் விண்டோஸ் கணினியில் எட்ஜ், வீட்டில் மேக் கணினியில் சஃபாரி, கைபேசியில் குரோம் என்று மூன்று உலாவிகள் பயன்படுத்துகிறேன். ஓரிடத்தில் புக்மார்க் செய்தால் மற்ற இரண்டிலும் தானாகவே வந்துவிடும்படி சிங்க் செய்ய முடியுமா?

பதில்: உலாவியோடு வரும் ஒத்திசைவு (சிங்க்) வசதியை மட்டும் வைத்துக்கொண்டு இதைச் செய்ய முடியாது. கூகுள் கணக்கில் சேர்ந்தவை குரோமுக்கும், மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேர்ந்தவை எட்ஜுக்கும், மோசில்லா கணக்கில் சேர்ந்தவை ஃபயர்பாக்ஸுக்கும், ஐகிளவுடில் சேர்ந்தவை சஃபாரிக்கும் உரியவை. ஒவ்வொன்றும் தன் உலாவிக்குள்ளே மிக நன்றாக இயங்கும். அடுத்த உலாவியின் எல்லையைத் தொட்டதும் நின்றுவிடும்.

என் பரிந்துரை, மூன்று இடங்களிலும் ஒரே உலாவிக்கு மாறிவிடுங்கள் என்பதே. குரோம், எட்ஜ், ஃபயர்பாக்ஸ் ஆகிய மூன்றுமே விண்டோஸிலும் மேக்கிலும் கைபேசிகளிலும் கிடைக்கின்றன. பழகிய உலாவியை விடுவது சில நாட்களுக்குச் சிரமமாக இருக்கும் என்றாலும், வெவ்வேறு உலாவிகளை இடையில் ஒரு மென்பொருளை வைத்துப் பிணைத்துக்கொண்டு காலமெல்லாம் அதைக் கவனித்துக்கொண்டிருப்பதைவிட அது எளிது.

சஃபாரியை விட முடியாது என்றால் ஒரு வழி இருக்கிறது. விண்டோஸுக்கான ஐகிளவுட் மென்பொருளை நிறுவி, அதோடு ஐகிளவுட் புக்மார்க்ஸ் என்னும் நீட்சியை (உலாவியில் கூடுதலாகச் சேர்க்கும் சிறு மென்பொருளை) எட்ஜிலோ குரோமிலோ ஃபயர்பாக்ஸிலோ சேர்த்துக்கொண்டால், அந்த உலாவியின் புக்மார்க்குகளும் சஃபாரியின் புக்மார்க்குகளும் ஒன்றாக இயங்கும். உங்கள் கைபேசி ஐபோனாக இருந்து, அதிலும் சஃபாரியையே பயன்படுத்தினால், இந்த ஏற்பாடு முழுமையாகிவிடும். அலுவலகக் கணினியில் எதையும் நிறுவுவதற்கு முன்பு அலுவலகத்தின் விதிகளைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொரு வழி, ஃப்ளோக்கஸ் போன்ற திறந்தமூல நீட்சிகள். உங்கள் புக்மார்க்குகளை நெக்ஸ்ட்கிளவுட் (சொந்தமாக அமைத்துக்கொள்ளக்கூடிய இணையச் சேமிப்பகம்), வெப்டாவ் (இணையம் வழியே கோப்புகளைக் கையாளும் முறை) அல்லது கூகுள் டிரைவ் ஆகியவற்றில் நீங்களே தேர்ந்தெடுக்கும் இடத்தில் வைத்து, பல உலாவிகளுக்கிடையே அது ஒத்திசைக்கும். தொழில்நுட்பத்தில் ஓரளவு ஆர்வமும் பொறுமையும் உள்ளவர்களுக்கு இதைத் தயக்கமின்றிச் சொல்வேன். அப்படிப்பட்டவர்களுக்கு மட்டுமே சொல்வேன்.

இடைநிலைச் சேவைகளை நம்பும் எவரும் எக்ஸ்மார்க்ஸின் கதையை அறிந்திருப்பது நல்லது. ஃபாக்ஸ்மார்க்ஸ் என்ற பெயரில் ஃபயர்பாக்ஸுக்காகத் தொடங்கி, பிறகு பல உலாவிகளுக்கும் விரிந்த அந்தச் சேவை, நீங்கள் கேட்பதைத்தான் மிகச் சிறப்பாகச் செய்துவந்தது. பணம் போதாமல் மூடப்போவதாக 2010-இல் அறிவித்தது. அதே ஆண்டின் இறுதியில் லாஸ்ட்பாஸ் நிறுவனம் அதை வாங்கிக் காப்பாற்றியது. ஆயினும் 2018 மே மாதம் முதல் தேதி அது நிரந்தரமாக நிறுத்தப்பட்டது. அதேபோல், பிறகு படிப்பதற்காகக் கட்டுரைகளைச் சேர்த்து வைக்கப் பலர் நம்பியிருந்த பாக்கெட் சேவையை, அதை 2017-இல் வாங்கிய மோசில்லாவே 2025 ஜூலையில் மூடிவிட்டது. சேவைகளைப் பயன்படுத்தக் கூடாது என்பதற்காக இதைச் சொல்லவில்லை. பயன்படுத்துகிறவர்கள் தங்களிடம் ஒரு ஹெச்டிஎம்எல் பிரதியும் வைத்திருக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

கேள்வி: வீட்டுக் கணினியில் வேண்டாத சிலவற்றை நீக்கும்போது, ஆராய்ச்சிக்காகச் சேர்த்து வைத்திருந்த ஒரு பெரிய கோப்புறையைத் தவறுதலாக நீக்கிவிட்டேன். ஒத்திசைவு இயங்கிக்கொண்டிருந்ததால் மற்றக் கணினிகளில் இருக்கும் என்று நம்பினேன். ஆனால் அடுத்த நாள் பார்த்தபோது மடிக்கணினியிலும் அது இல்லை. மீட்க வழி உண்டா? ஒத்திசைவு இருந்தும் ஏன் இப்படி ஆனது?

பதில்: முதலில் காரணத்தைச் சொல்கிறேன், அது புரிந்தால் மீட்கும் வழியும் எளிதாகப் புரியும். ஒத்திசைவின் வேலை, எல்லாக் கருவிகளும் ஒரே நிலையில் இருக்கும்படி பார்த்துக்கொள்வது. நீங்கள் ஒன்றைச் சேர்த்தால் அதை எங்கும் சேர்க்கும். நீக்கினால் அதே விசுவாசத்தோடு எங்கும் நீக்கும். நீங்கள் விரும்பி நீக்கினீர்களா, கை தவறி நீக்கினீர்களா என்று அதற்குத் தெரியாது. ஆகவே ஒத்திசைவைக் காப்புப்பிரதியாகக் கருதுவது தவறு. இந்த இரண்டையும் ஒன்றென நினைத்து, அரும்பாடுபட்டுச் சேர்த்ததை இழந்தவர்களின் கடிதங்கள் தொடர்ந்து வருகின்றன. ஒவ்வொன்றையும் படிக்கும்போது வருத்தமாகவே இருக்கிறது.

இனி மீட்பு. நீக்கிய அந்த நிமிடத்திலேயே கவனித்திருந்தால், புக்மார்க் மேனேஜருக்குள் கன்ட்ரோல், இசட் விசைகளை அழுத்துவதே போதுமானது. குரோமும் ஃபயர்பாக்ஸும் நீக்கியதைத் திருப்பித் தரும். அந்தக் கட்டம் கடந்துவிட்டதால், உங்களிடம் அதே கணக்கோடு இணைந்த மூன்றாவது கருவி ஏதேனும் இருக்கிறதா, அது அண்மையில் திறக்கப்படாமல் இருக்கிறதா என்று யோசியுங்கள். மேசையறையில் கிடக்கும் பழைய மடிக்கணினியாகவும் இருக்கலாம். அப்படி ஒன்று இருந்தால், அதை இயக்குவதற்கு முன்பே வீட்டின் வைஃபையை அணைத்துவிடுங்கள் அல்லது கேபிளைக் கழற்றிவிடுங்கள். இணையம் இல்லாத நிலையில் உலாவியைத் திறந்தால், நீக்கப்பட்ட செய்தி அதற்கு இன்னும் வந்து சேர்ந்திருக்காது என்பதால், உங்கள் கோப்புறை அப்படியே இருக்கும். உடனே ஹெச்டிஎம்எல் கோப்பாக ஏற்றுமதி செய்துகொள்ளுங்கள். அந்தக் கோப்பை உங்கள் வீட்டுக் கணினியில் இறக்குமதி செய்தால், அவை புதிய புக்மார்க்குகளாகவே கருதப்படும்; ஒத்திசைவு அவற்றை நீக்காது, மாறாக எல்லா இடங்களுக்கும் கொண்டு சேர்க்கும்.

அப்படி வேறு கருவி இல்லையென்றால், நீங்கள் எந்த உலாவியைப் பயன்படுத்துகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஃபயர்பாக்ஸ் என்றால் நம்பிக்கையோடு இருங்கள். அது புக்மார்க்குகளின் காப்புப்பிரதியை நாள்தோறும் தானாகவே எடுத்து, வழக்கமான அமைப்பில் கடைசிப் பதினைந்து பிரதிகளைக் கணினியிலேயே வைத்திருக்கிறது. லைப்ரரி சாளரத்தில் ‘இம்போர்ட் அண்ட் பேக்கப்’ பட்டியலுக்குள் ‘ரீஸ்டோர்’ என்பதன்மீது சுட்டியை வைத்தால், அந்தப் பிரதிகள் தேதி வாரியாகத் தெரியும். இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம்: ரீஸ்டோர் என்பது பழையதைச் சேர்ப்பதில்லை, இப்போது இருப்பதை முழுவதும் நீக்கிவிட்டு, அந்தத் தேதியில் இருந்ததை வைக்கிறது. எனவே முதலில் இப்போதுள்ள நிலையை ஹெச்டிஎம்எல் கோப்பாக ஏற்றுமதி செய்து ஓரமாக வைத்துக்கொண்டு, பிறகு மீட்டெடுங்கள். இடைப்பட்ட நாட்களில் சேர்த்தவை வேண்டுமென்றால் அந்தக் கோப்பிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

குரோம், எட்ஜ் ஆகியவற்றில் அத்தனை தாராளம் இல்லை. அவை ‘புக்மார்க்ஸ்’ என்ற பெயரில் ஒரு கோப்பையும், அதன் பக்கத்திலேயே முந்தைய நிலையைக் கொண்ட, பெயரின் இறுதியில் ‘பாக்’ என்னும் பின்னொட்டுள்ள ஒரு கோப்பையும் மட்டுமே வைத்திருக்கின்றன. உலாவியை மூடித் திறந்து பயன்படுத்தப் பயன்படுத்த இந்த முந்தைய நிலையும் புதுப்பிக்கப்பட்டுவிடும். ஆகவே இந்த உலாவிகளில் தவறு நேர்ந்தது என்று தெரிந்ததும் செய்ய வேண்டிய முதல் காரியம், வேறு எதையும் முயலாமல், இந்த இரண்டு கோப்புகளையும் வேறு இடத்துக்கு நகலெடுத்துக்கொள்வதுதான். உங்களுக்கு ஒரு நாள் கடந்துவிட்டது. எனினும் நகலெடுத்துப் பார்ப்பதில் இழப்பில்லை. பின்னொட்டுள்ள கோப்பை நோட்பேடில் திறந்து, நீங்கள் இழந்த கோப்புறையின் பெயரைத் தேடுங்கள். தமிழ்ப் பெயராக இருந்தாலும் அப்படியே தெரியும். அது இருந்தால், கோப்புறையில் இருந்த முகவரிகள் அனைத்தும் அங்கேயே இருக்கும். உலாவியை மூடி, இணையத்தைத் துண்டித்து, அந்தக் கோப்பின் பெயரிலுள்ள பின்னொட்டை நீக்கி முதன்மைக் கோப்பின் இடத்தில் வைத்துத் திறந்து, உடனே ஏற்றுமதி செய்துகொள்ளலாம்.

இனிமேல் மாதம் ஒரு முறை ஹெச்டிஎம்எல் கோப்பு ஒன்றை எடுத்து, பெயரில் தேதியையும் சேர்த்து, கணினிக்கு வெளியே ஓரிடத்தில் வையுங்கள். சில விநாடிகளுக்கு மேல் ஆகாது. பெரிய அளவில் களையெடுக்கப் போகும் நாளில் அதற்கு முன்பே ஒரு பிரதி எடுத்துவிட்டுத் தொடங்குங்கள்.

கேள்வி: மூன்று கணினிகளிலும் ஒரே ஹெச்டிஎம்எல் கோப்பை இறக்குமதி செய்துவிட்டு, பிறகு ஒத்திசைவை இயக்கினேன். இப்போது ஒவ்வொன்றும் இரண்டு முறை, மூன்று முறை தெரிகிறது.

பதில்: ஒவ்வொரு கணினியும் தன்னிடம் உள்ளவை தனி என்று கருதி மற்றவற்றுக்கு அனுப்பியிருக்கிறது. உங்களிடம் மூல ஹெச்டிஎம்எல் கோப்பு இருப்பது நல்லதாயிற்று. அதைத் திறந்து முழுமையாக இருப்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். அதன் பிறகு சேர்த்த புக்மார்க்குகள் இருந்தால் அவற்றைத் தனியே எடுத்து வையுங்கள். பிறகு ஒரு கணினியில் மட்டும் எல்லாப் புக்மார்க்குகளையும் நீக்கி, அந்த நீக்கம் மற்ற இரண்டிலும் எட்டும்வரை காத்திருந்து, அதே ஒரு கணினியில் மட்டும் கோப்பை இறக்குமதி செய்யுங்கள். மற்ற இரண்டுக்கும் ஒத்திசைவே கொண்டு செல்லும். இறக்குமதி ஓரிடத்தில், பரவல் ஒத்திசைவின் பொறுப்பில் என்ற இந்த முறையை முதலிலேயே பின்பற்றினால் இரட்டிப்பு நேராது.

கேள்வி: என் புக்மார்க்குகளில் உடல்நலம், வழக்கு விவகாரம் தொடர்பான பக்கங்களும் இருக்கின்றன. ஒத்திசைத்தால் அந்த நிறுவனங்கள் அவற்றைப் படிக்க முடியுமா?

பதில்: இந்தக் கேள்வியைக் கேட்பதே சரியான பழக்கம். ஒருவருடைய புக்மார்க்குகளின் பட்டியலைப் பார்த்தால் அவருடைய கவலைகளும் தேவைகளும் தெரிந்துவிடும்.

ஃபயர்பாக்ஸின் ஒத்திசைவில், தகவல் உங்கள் கணினியிலிருந்து வெளியேறும் முன்பே உங்கள் கடவுச்சொல்லிலிருந்து உருவாகும் சாவியால் மறையாக்கம் செய்யப்படுகிறது, அதாவது சாவி இல்லாதவர் படிக்க முடியாத வடிவுக்கு மாற்றப்படுகிறது. மோசில்லாவால் அதைப் படிக்க முடியாது. இதற்கு மறுபக்கம் உண்டு. மீட்புச் சாவியை முன்கூட்டியே உருவாக்கி வைக்காமல் கடவுச்சொல்லை மறந்து மாற்றினால், சர்வரில் உள்ளவை அழிந்துவிடும். உங்கள் கணினியில் உள்ளவை மட்டுமே மிஞ்சும். பிரேவ் உலாவி மின்னஞ்சல் கணக்கே கேட்பதில்லை. சொற்களின் தொடராக அமைந்த ஒரு குறியீட்டைக் கொண்டு உங்கள் கருவிகளை ஒன்றோடொன்று இணைக்கிறது. அந்தச் சொற்களை அறிந்த எவரும் உங்கள் சங்கிலியில் சேரக்கூடும் என்பதால் அதை யாரிடமும் பகிரக் கூடாது. குரோமில் தகவல் மறையாக்கம் செய்யப்படுவது உண்மைதான் என்றாலும், வழக்கமான அமைப்பில் சாவி கூகுளிடமே இருக்கிறது. ஒத்திசைவு அமைப்புகளுக்குள் சென்று, உங்களுக்கு மட்டுமே தெரிந்த ஒரு கடவுத்தொடரை நீங்களே அமைத்தால், அதன் பிறகு கூகுளால் அவற்றைப் படிக்க முடியாது. ஆப்பிள் கருவிகளில், ஐகிளவுடின் மேம்பட்ட தரவுப் பாதுகாப்பை நீங்கள் இயக்கினால்தான் சஃபாரி புக்மார்க்குகளுக்கு அத்தகைய முழுப் பாதுகாப்பு கிடைக்கும்.

நிறுவனங்களைவிட நான் அதிகம் அஞ்சுவது அலுவலகக் கணினியையும் பொதுக் கணினியையும்தான். சொந்தக் கணக்கோடு அங்கே உலாவியில் நுழைந்தால், உங்கள் புக்மார்க்குகள் முழுவதும் அந்தக் கணினியின் வன்தட்டில் வந்து இறங்கிவிடும். பிறகு வெளியேறினாலும், நீக்கச் சொல்லாவிட்டால் அங்கேயே தங்கிவிடக்கூடும். அலுவலகத்துக்கென்று தனிச் சுயவிவரம், தனிக் கணக்கு வைத்துக்கொண்டு, அந்தரங்கமானவற்றை அங்கே கொண்டு செல்லாமலிருப்பதே பாதுகாப்பு.

கேள்வி: புதிய உலாவிக்கு மாற்றிய பிறகு பல புக்மார்க்குகள் ‘பக்கம் இல்லை’ என்றே காட்டுகின்றன. மாற்றும்போது பழுதாகிவிட்டனவா?

பதில்: இல்லை. பழைய உலாவியில் அதே முகவரியைத் திறந்து பாருங்கள். அங்கும் இதையே காட்டும். புக்மார்க் வைத்திருப்பது முகவரியை மட்டுமே, பக்கத்தை அன்று. தளம் மூடப்பட்டிருக்கலாம் அல்லது பக்கம் இடம் மாறியிருக்கலாம். இன்டர்நெட் ஆர்க்கைவ் அமைப்பின் வேபேக் மெஷின் தளத்தில் அந்த முகவரியை இட்டுத் தேடினால், பழைய பிரதி சில நேரங்களில் கிடைக்கும். மிக முக்கியமான பக்கங்களைப் புக்மார்க் செய்வதோடு பிடிஎஃப் ஆகவும் சேமித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பழைய கணினி இயங்கவே இல்லை. ஆனால் அதன் வன்தட்டைக் கழற்றி, வேறொரு கணினியில் இணைத்துப் பார்க்க முடிகிறது. அதில் விண்டோஸ் இருந்தது. உலாவியைத் திறக்க முடியாத நிலையில் புக்மார்க்குகளை எடுக்கலாமா?

பதில்: எடுக்கலாம். பழைய வன்தட்டில் ‘யூசர்ஸ்’ கோப்புறைக்குள் உங்கள் பயனர் பெயரில் உள்ள கோப்புறையைத் திறங்கள். அதனுள் ‘ஆப்டேட்டா’ என்னும் கோப்புறை மறைந்திருக்கும். மறைந்துள்ளவற்றைக் காட்டும்படி அமைத்துக்கொண்டால் தெரியும். குரோம் பயன்படுத்தியிருந்தால் ஆப்டேட்டாவில் லோக்கல், கூகுள், குரோம், யூசர் டேட்டா, டீஃபால்ட் என்று வரிசையாக உள்ளே சென்றால், முன்பு குறிப்பிட்ட ‘புக்மார்க்ஸ்’ கோப்பைக் காண்பீர்கள். ஒன்றுக்கு மேற்பட்ட சுயவிவரங்கள் இருந்திருந்தால், டீஃபால்ட்டுக்குப் பக்கத்தில் ‘புரொஃபைல்’ என்ற பெயரோடு எண் சேர்ந்த கோப்புறைகளையும் பாருங்கள். புதிய கணினியில் இன்னும் எதுவும் சேர்க்காத, கணக்கில் நுழையாத குரோமை மூடிவிட்டு, அதே இடத்தில் இந்தக் கோப்பை வைத்துத் திறந்தால் புக்மார்க்குகள் வந்துவிடும். எட்ஜுக்கும் இதே முறைதான். கூகுளுக்குப் பதிலாக மைக்ரோசாஃப்ட் கோப்புறைக்குள் செல்ல வேண்டும்.

ஃபயர்பாக்ஸ் என்றால் ஆப்டேட்டாவில் ரோமிங், மோசில்லா, ஃபயர்பாக்ஸ், புரொஃபைல்ஸ் என்று சென்று, உங்கள் சுயவிவரக் கோப்புறையில் ‘புக்மார்க்பேக்கப்ஸ்’ என்பதைத் தேடுங்கள். அங்குள்ள கோப்புகளின் பெயரிலேயே தேதியும் புக்மார்க்குகளின் எண்ணிக்கையும் இருக்கும் என்பதால், எதை எடுப்பது என்பதில் குழப்பம் வராது. கடைசித் தேதியிட்டதை நகலெடுத்து, புதிய கணினியில் ரீஸ்டோர் பட்டியலின் அடியில் உள்ள ‘சூஸ் ஃபைல்’ வழியாகத் திறந்தால் போதும்.

அதற்கும் முந்தைய காலத்தில் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் சேர்த்தவை இருந்தால், உங்கள் பயனர் கோப்புறையில் ‘ஃபேவரிட்ஸ்’ என்பதற்குள் ஒவ்வொரு தளமும் ஒரு தனிக் கோப்பாகக் கிடைக்கும். அந்த உலாவிக்கான ஆதரவு 2022 ஜூனில் முடிந்துவிட்டாலும், அந்தச் சிறு கோப்புகளை இரட்டைச் சொடுக்கினால் இன்றைய உலாவியிலேயே திறக்கும். வேண்டியவற்றை அங்கேயே புக்மார்க் செய்துகொள்ளலாம். இவற்றையெல்லாம் நகலெடுத்து, புதிய கணினியில் திறந்து சரிபார்த்த பிறகே பழைய வன்தட்டை அழிப்பதையோ மற்றவருக்குக் கொடுப்பதையோ பற்றி யோசியுங்கள்.